நித்திரை தந்த வேர்

பொகவந்தலாவைப் பள்ளத்தாக்கின் தோட்டமொன்றிலே, எமது மாணவி ஒருத்தியின் வீட்டுக்குச் சென்ற ஆண்டு நாம் போக நேர்ந்தது. பிள்ளை இரண்டு கிழமையாகப் பாடசாலைக்கு வரவில்லை. அவளுடைய அம்மாயி, நாற்பது ஆண்டுக்காலம் கொழுந்து பறித்து ஓய்ந்தவர், லயத்து அறையின் மூலையிலே பகல் முழுவதும் மயங்கிக் கிடந்தார். எழுப்பி நிறுத்தினால் தலை சுற்றிற்று. முதல்நாள் பீலிக்கரையிலே விழுந்து நெற்றியிலும் காயம். பார்த்துக்கொள்ள ஆளில்லாமையால் பேத்தி வீட்டோடு நின்றுவிட்டாள்.

சுவர்ப் பலகையிலே மூன்று பொருள்கள் இருந்தன. அரசாங்க வைத்தியசாலைக் கிளினிக்கிலே கொடுத்த பிரஷர் குளிசைகள் ஒரு கடதாசி உறையில். டவுன் கடையில் வாங்கிய அமுக்கராச் சூரணம் ஒரு பழைய பால்மா டின்னில். மத்திய கிழக்கிலே வீட்டுவேலை செய்யும் மகள் யாரிடமோ கொடுத்தனுப்பிய, ஆங்கிலச் சிட்டை ஒட்டிய மூலிகைக் குளிசைப் போத்தல் ஒன்று. கவலை தீரும், நல்ல நித்திரை வரும் என்று அச்சிட்டை சொல்லிற்று. ஐந்து மூலிகைகளின் பெயர்கள் அதிலே காணப்பட்டன. அவற்றுள் ஒன்று சர்ப்பகந்தா. மூன்றையும் இரவுத் தேநீரோடு ஒருசேர விழுங்கி வந்திருக்கிறார் அம்மூதாட்டி. கிளினிக் டொக்டரிடம் இவற்றைச் சொன்னீர்களா என்று கேட்டோம்.

“அது எதுக்குங்க மாஸ்டர்? அவங்க குடுத்தது இங்கிலீஸ் மருந்து. இது பச்சல. பச்சல என்னா செஞ்சிடப் போவுது?”

இக் கேள்வியை நாம் எள்ளி நகையாடுவதற்கில்லை. படித்த ஆசிரியர்களின் வீடுகளிலும் இதே போத்தல்களைக் கண்டிருக்கிறோம். இதே வாதத்தையும் கேட்டிருக்கிறோம். பச்சிலை என்ன செய்யும் என்பதற்குச் சர்ப்பகந்தா என்னும் அந்த ஒரு வேரின் வரலாறே போதிய விடை தருகிறது. அது எமது காலத்து மருத்துவத்தின் வரலாறு, காலனித்துவத்தின் வரலாறு, ஓரளவிற்கு எமது நாட்டின் வரலாறுமாகும்.

கி.பி. 1563இல் கோவாவிலே அச்சேறிய தமது நூலில், போர்த்துக்கேய வைத்தியரான கார்சியா த ஓர்தா, இலங்கையிலே விளையும் ‘பாம்பு மரம்’ பற்றி ஓர் உரையாடல் எழுதினார். கீரி பாம்போடு பொருதுமுன் இதன் வேரைத் தின்னும் என்ற கதையும் அதிலே வருகிறது. அவர் விவரித்த வகைகளுள் ஒன்று சர்ப்பகந்தாவே என்று பிற்கால அறிஞர் கருதுவர். சிங்கள மக்கள் அதனை ஏகவேரிய என்பர். நிழற்காட்டின் அடியிலே முழங்காலளவு வளரும் சிறு செடி. வெண்மையும் இளஞ்சிவப்பும் கலந்த பூ. வளைந்து நெளிந்த, நாவிற் பட்டால் கடுங் கசப்பான வேர். ஐரோப்பியர் இதற்கு வைத்த இனப்பெயரோ இராவுவோல்ஃபியா என்பது. இராவுவோல்ஃப் என்பார் ஜேர்மனியின் அவுக்ஸ்பேர்க் நகரத்து வைத்தியர்; 16ஆம் நூற்றாண்டிலே மேற்காசியாவில் சுற்றியவர்; இந்தியாவையோ இலங்கையையோ கண்ணாற் கண்டவரல்லர். தாவரங்களுக்குப் பெயர் சூட்டிய கையும் அவற்றைத் தோண்டியெடுத்த கையும் வேறு வேறு என்பதற்கு இஃதொரு சிறு சான்று.

பீகாரிலே இவ்வேரைப் ‘பைத்திய மருந்து’ என்றே சந்தையில் விற்றனர். வெறிகொண்டாரை அடக்க அது பயன்பட்டது. இன்னொரு பயனும் இருந்தது: வேலைக்குப் போகும் ஏழைத் தாய்மார் அழும் குழந்தையை நித்திரையாக்க இவ்வேரைச் சிறிது கொடுப்பது வழக்கமாயிருந்தது. இதைப் படித்தபோது எமக்கு எமது மலைகளின் நினைவு வந்தது. பிள்ளைக்காம்பராவில் குழந்தையை விட்டுவிட்டுப் பிரட்டுக்கு ஓடிய தாய்மார், சாதிக்காயும் வசம்பும் உரைத்து நாவிலே தடவிய கதைகளை மூத்தோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். ‘பிள்ளை வளர்ப்பான்’ என்று எமது தாய்மார் போற்றிய அதே வசம்பை உணவிலே சேர்க்கலாகாது என்று அமெரிக்க அரசு 1968இல் தடை செய்தது. உரைகல்லிலே இரண்டு சுற்றுச் சுற்றி எடுத்த உரைமருந்து வேறு. அதையே வடித்துச் செறிவாக்கிப் போத்தலில் அடைத்தது வேறு. ஆயினும், ஓய்வில்லாத தாயின் உழைப்பு நேரத்திற்காகவே குழந்தைக்கு நித்திரை ஊட்டப்பட்டது என்ற உண்மை பீகாருக்கும் பொகவந்தலாவைக்கும் பொதுவானது.

1931ஆம் ஆண்டு இவ்வேரின் வாழ்விலே ஒரு திருப்பம். கணநாத சென், கார்த்திக் சந்திர போஸ் என்னும் வங்க வைத்தியர் இருவர், இவ்வேர்ப்பொடியை மனநோயாளர்க்கும் இரத்த அழுத்தம் மிக்கோர்க்கும் கொடுத்துக் கண்ட பயனைக் கட்டுரையாக வெளியிட்டனர். நாளுக்கு இருமுறை 20 முதல் 30 கிரெயின் வரை கொடுத்தபோது நித்திரை வந்தது. இரத்த அழுத்தமும் இறங்கிற்று. ஒரே வேரிலிருந்து இரண்டு விளைவுகள் என்பதை வாசகர் மனங்கொள்ள வேண்டும். அம்மாயியின் தலைசுற்றலுக்கு விளக்கம் ஏறத்தாழ தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே அச்சேறிவிட்டது. அதே காலத்தில் டில்லியின் திப்பியா கல்லூரியிலே சலீமுஸ்ஸமான் சித்தீக்கி என்னும் இரசாயன அறிஞர் இவ்வேரிலிருந்து காரப்பொருள்களைப் பிரித்தெடுத்து, அவற்றுள் ஒன்றுக்குத் தம்மை ஆதரித்த ஹக்கீம் அஜ்மல்கானின் நினைவாக அஜ்மலீன் என்று பெயரிட்டார்.

உலகம் செவிசாய்க்கவில்லை. 1949இல் பம்பாயின் டாக்டர் ருஸ்தம் ஜால் வக்கீல், இரத்த அழுத்த நோயாளர் ஐம்பதின்மரிடம் கண்ட பயனைப் பிரித்தானிய இருதய நோய்ச் சஞ்சிகையிலே எழுதிய பின்னரே மேல்நாடு திரும்பிப் பார்த்தது. பின்பு நிகழ்ந்தவை விரைவாக நிகழ்ந்தன. 1952இல் சுவிற்சர்லாந்தின் பேசல் நகரிலே, சீபா கம்பனியின் ஆய்வாளர் மூவர் இவ்வேரின் உயிர்ப்பொருளை வேறாக்கி ரிசர்ப்பீன் என்றனர். 1954இல் நியூயோர்க்கின் ரொக்லண்ட் மனநோய் வைத்தியசாலையிலே நேதன் கிளைன் அதனைப் பயன்படுத்திப் புகழ் பெற்றார். ‘அமைதியூட்டி’ என்று நாம் இன்று சொல்லும் மருந்து வகையின் ஆங்கிலப் பெயர் பரவியதே இம்மருந்தின் பொருட்டுத்தான். 1956இல் ரொபேர்ட் உட்வார்ட் அதனைச் செயற்கையாகவே ஆக்கிக் காட்டினார். காப்புரிமை கம்பனிக்குப் போயிற்று. காடுகளிலே வேர் தோண்டியவனுக்கு நாட்கூலி மிஞ்சிற்று. தோண்டித் தோண்டிச் செடி அருகியதால், 1990 முதல் அது சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டிற்குரிய தாவரங்களின் பட்டியலில் இடம்பெற்றது.

இனி இம்மருந்து உடலில் என்ன செய்கிறது என்று நோக்குவோம். நரம்புகள் தம் செய்தியைச் சொல்லும் இரசாயனங்களை நுண்ணிய பைகளிலே சேமித்து வைக்கின்றன. ரிசர்ப்பீன் அப்பைகள் நிரம்புவதைத் தடுக்கிறது. அடி பிய்ந்த கூடையிலே கொழுந்து போடுவதற்கு ஒப்பானது இது. எத்தனை பறித்துப் போட்டாலும் நிறுவையிலே ஒன்றும் இராது. பதற்றம் அடங்குவதும் அழுத்தம் இறங்குவதும் இதனாலேயே. மருந்தை நிறுத்தினாலும் பைகள் மறுபடி நிரம்ப நாட்கள், சில வேளை வாரங்கள் செல்லும். நேற்று விட்டுவிட்டேன், இன்று வேறொன்று குடிக்கலாம் என்று எண்ணுவோர் இதை அறியார்.

புகழ் ஏறிய அதே 1954ஆம் ஆண்டிலேயே நிழலும் விழுந்தது. பெருமளவில் நெடுநாள் உட்கொண்ட இரத்த அழுத்த நோயாளர் சிலர் ஆழ்ந்த மனச்சோர்வில் வீழ்ந்ததை எட்வேர்ட் ஃபிரீஸ் என்னும் அமெரிக்க வைத்தியர் எழுதினார். (அச்சோர்வு முழுவதற்கும் மருந்துதான் காரணமா என்று பிற்காலத்தார் ஐயுற்றனர், அன்று கொடுத்த அளவும் மிகப் பெரிது.) மயக்க மருந்து கொடுக்கும் வைத்தியர்களும் எச்சரித்தனர்: ரிசர்ப்பீன் உட்கொண்டவர் சத்திரசிகிச்சைக்கு வந்தால், மேசை மீதே இரத்த அழுத்தம் அபாயமான அளவுக்குச் சரிந்தது. பார்பிற்றுரேற்று என்னும் அக்கால நித்திரை மருந்தோடு சேர்ந்தால் நித்திரை அளவிறந்து நீண்டது. டிஜிற்றாலிஸ் என்னும் இருதய மருந்தோடு சேர்ந்தால் நாடி தடுமாறியது. மதுவோடு சேர்ந்தால் மயக்கம் இரட்டித்தது. மாலையானால் தவறணை வாசலிலே கூட்டம் நிற்கும் எமது தோட்டங்களில், இக் கடைசிச் சேர்க்கைக்குத் தனியே விளக்கம் வேண்டியதில்லை.

இங்கே ஓர் ஆட்சேபம் எழலாம். கூட்டு மருந்து என்பது எமது மரபிலேயே உள்ளதன்றோ? சித்தரும் ஆயுர்வேதியரும் பத்துச் சரக்கைச் சேர்த்தே இலேகியம் கிண்டினர். உண்மை. நித்திரைக்கென்றே வழங்கும் சர்ப்பகந்தா கனவடியை எடுத்துக்கொள்வோம்: சர்ப்பகந்தா, குரோசாணி ஓமம், சடாமாஞ்சில், கஞ்சா இலை, திப்பிலி மூலம் என்பன அதிலே சேர்கின்றன. ஐந்தில் மூன்று மயக்கமூட்ட வல்லவை. மரபு வைத்தியன் இதனை விளையாட்டாகச் செய்யவில்லை. சரக்கைச் சுத்திசெய்தான், நோயாளியின் நாடி பார்த்தான், பத்தியம் சொன்னான், நாலாம் நாள் வீட்டுக்கு வந்து கேட்டான். அவன் அறிவிலே குறையிருந்திருக்கலாம், இறந்தவர்களும் உண்டு, அதை மறைத்து மரபைத் துதிபாடும் கூட்டத்தில் நாமில்லை. ஆனால் கூட்டியவன் யார், பிழைத்தால் யாரைக் கேட்பது என்ற ஐயம் அக்காலத்தில் எழவில்லை. இன்றைய நோயாளி மூன்று கைகளிலிருந்து மூன்று பொருள்களைப் பெறுகிறார். அவற்றைக் கூட்டுவது அவருடைய வயிறு. அந்தக் கூட்டுக்குப் பொறுப்பாளி எவருமில்லை.

இந்நிலை தானாக வந்ததன்று. 1872ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் தோட்ட மாவட்டங்களிலே மேல்நாட்டு வைத்தியத்தைக் கொண்டுவந்தது. கூலியாள் உயிரோடு வேலைக்கு எழவேண்டும் என்பதே துரைமாரின் கணக்கு. அவனுக்கு நித்திரை வருகிறதா என்பது செக்ரோலில் ஏறும் விடயமன்று. காய்ச்சலுக்கும் கழிச்சலுக்கும் டிஸ்பென்சரி. கவலைக்கும் நித்திரைக்கும் கோடாங்கி, பாட்டி வைத்தியம், தவறணை என்ற பங்கீடு அன்றே ஏற்பட்டது. மறுபுறம், 1910இன் அபின் சட்டமும் 1929இன் நச்சுப்பொருள், அபின், அபாயகர மருந்துகள் கட்டளைச் சட்டமும் நாட்டு வைத்தியனின் வலிமை மிக்க சரக்குகளை அரசின் பதிவேட்டுக்குள் கொண்டுவந்தன. அவ்வளவும் தவறென்று சொல்லமாட்டோம். அபினியின் கொடுமை சிறிதன்று. சுதந்திரத்திற்குப் பின், 1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டம் ஆயுர்வேத, சித்த, யூனானி முறைகளுக்கு உரிய மதிப்பைக் கொடுத்தது. மேல்நாட்டு மருந்துகளோ இன்று 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த அதிகாரசபையின் கீழ் உள்ளன. இரு முறைகள், இரு சட்டங்கள், இரு கட்டடங்கள். நோயாளியின் உடல் மாத்திரம் ஒன்று.

இவ்விடத்தில் பேராசிரியர் சேனக பிபிலேயை நினையாதிருத்தல் இயலாது. அவரும் கம்யூனிஸ்ட் தலைவரும் வைத்தியருமான எஸ்.ஏ. விக்கிரமசிங்கவும் 1971இல் அளித்த அறிக்கை, ஒரே மருந்தைப் பல வணிகப் பெயர்களில் விற்றுக் கொள்ளையிட்ட கம்பனிகளின் பிடியைத் தளர்த்த வழி காட்டிற்று. அரசாங்க மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் அவ்வாண்டிலேயே தோன்றிற்று. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டிருந்த மருந்துப் பட்டியல் ஏறக்குறைய 600ஆகச் சுருங்கிற்று. எது தேவை, எது பயனுடையது, எது வெறும் விளம்பரம் என்று சலித்தெடுத்த சல்லடை அது. 1977இல் கயானாவிலே பிபிலே மறைந்தார். அதே ஆண்டில் எமது சந்தையும் திறந்துவிடப்பட்டது. கவலைக்கும் நித்திரைக்குமான இன்றைய மூலிகைப் போத்தல்களை அத்தகைய சல்லடையில் இட்டவர் எவர்?

மேல்நாட்டிலும் இக்கதை வேறல்ல. ‘பொன்னினும் மேலானது’ என்னும் பொருள்படும் ஜின் பு ஹுவான் என்ற சீன மூலிகைக் குளிசை, நோவுக்கும் நித்திரைக்கும் அமெரிக்காவில் விற்கப்பட்டது. 1993இல் கொலராடோ மாநிலத்திலே அதனை எடுத்து விழுங்கிய குழந்தைகள் மூவர் மூச்சடங்கி, நாடி தளர்ந்து உயிராபத்துக்குள்ளாயினர். பெரியோர் சிலருக்கு ஈரல் அழற்சி கண்டது. சோதித்தபோது, சிட்டையிலே சொன்ன செடி வேறு, குளிசையிலே இருந்த பொருள் வேறு என்று தெரிந்தது. அடுத்த ஆண்டே அந்நாட்டில் வந்த சட்டம், இத்தகைய பொருள்களைச் சந்தைக்கு விடுமுன் அவை தீங்கற்றவை என்று நிறுவும் கடமையை உற்பத்தியாளர் மீது சுமத்தாது விட்டது! 2000ஆம் ஆண்டிலே சூரிச் நகரில் மாற்று இருதயம் பொருத்தப்பட்ட இருவர், மனச்சோர்வுக்காகச் செயின்ற் ஜோன்ஸ் வோர்ட் என்னும் பூச்செடி மருந்தை உட்கொள்ள, அது மாற்றுறுப்பைக் காக்கும் மருந்தை ஈரலிலே விரைவாக அழித்துவிட, உடல் அவ்விருதயத்தை நிராகரிக்கத் தொடங்கிற்று. பசிபிக் தீவுகளின் காவா வேர், ஈரற் கேட்டின் பேரில் 2002இல் ஜேர்மனியில் தடைப்பட்டது. 2014இல் நீதிமன்றம் அத்தடையைத் தவறென்றது. எமது அமுக்கராவை 2023இல் டென்மார்க் தடை செய்தது. அதனால் ஈரல் பாதிப்புற்றோர் பற்றிய வைத்திய அறிக்கைகள் ஐஸ்லாந்திலிருந்தும் இந்தியாவிலிருந்தும் வந்துள்ளன. தைரோயிட் நோய்க்கு மருந்துண்போரும், நித்திரைக் குளிசை உண்போரும் அதைத் தாமாகச் சேர்த்தல் ஆபத்தென்பர்.

செயற்கை மருந்து மாத்திரம் யோக்கியமானதோ எனின், அதுவுமன்று. கர்ப்பிணிகளுக்கும் தீங்கற்ற நித்திரை மருந்தென்று 1957இல் மேற்கு ஜேர்மனியில் விற்கத் தொடங்கிய தலிடோமைட், 1961இல் மீளப்பெறப்படுமுன் ஆயிரக்கணக்கான குழந்தைகளை அங்கவீனராக்கியது. அந்த அழிவின் பின்னரே பல நாடுகள் மருந்துக் கண்காணிப்பை இறுக்கின. இலையில் வந்ததா, ஆலையில் வந்ததா என்று பார்த்து நஞ்சு வேலை செய்வதில்லை.

எமது மக்கள் ஏன் நித்திரையின்றித் தவிக்கின்றனர் என்பதை எழுதப் புகுந்தால் இக்கட்டுரை நீளும். நாட்சம்பளம் ஆயிரம் ரூபாவாவதற்கு 2021 வரை போராட வேண்டியிருந்தது. நுண்கடன்காரர் கிழமைதோறும் கதவைத் தட்டுகின்றனர். மழைக்காலத்திலே லயத்தின் பின்னாலுள்ள மண்மேடு எப்பொழுது இறங்கும் என்று விழித்திருப்பவருக்கு அமுக்கராவும் பயன்படாது, டயசிப்பாமும் பயன்படாது. 2022இல் நாடு வங்குரோத்தாகி வைத்தியசாலைகளில் மருந்து அருகியபோது, உள்ள குளிசையைப் பாதியாக உடைத்து விழுங்கி, மிச்சத்திற்குக் கடைச் சூரணத்தைச் சேர்த்தவர்களை நாம் அறிவோம். அவர்களை மூடநம்பிக்கையாளர் என்று ஏசுவது எளிது. ஏச்சினால் விளைவது ஒன்றே: அடுத்த கிளினிக்கில் அவர்கள் வாயே திறவார்.

அன்று நாம் மாணவியைக் கொண்டு ஒரு பட்டியல் எழுதுவித்தோம். எந்தப் பொருள், எவ்வளவு, எந்நேரம், எந்நாள் முதல் என்று அவள் கிளினிக் கொப்பியின் பின்னட்டையிலே தமிழில் எழுதினாள். போத்தலிலுள்ள ஐந்து பெயர்களையும் சிட்டையைப் பார்த்து எழுத்தெழுத்தாகப் பெயர்த்தாள். பிரஷர் குளிசையைத் தாமாக நிறுத்திவிட வேண்டாம் என்று அம்மாயியிடம் இருமுறை சொன்னோம். ஏனெனில், பயந்தவர்கள் முதலிலே கைவிடுவது வேண்டிய மருந்தைத்தான். மறுநாட் காலை முச்சக்கர வண்டியில் மூன்று பொருள்களையும் ஒரு பையிலிட்டு வைத்தியசாலைக்குக் கொண்டுபோயினர்.

கிளினிக்கிலே இருந்தவர் தென்பகுதியிலிருந்து புதிதாக வந்த இளம் சிங்கள டொக்டர். தமிழ் எழுத்து அவருக்கு வாசிக்க வராது. மாணவி ஒவ்வொரு பெயராக வாசிக்க, தாதி மொழிபெயர்க்க முயன்றிருக்கிறார். ‘அமுக்கரா’ என்றதும் டொக்டர் கையமர்த்தி, மொழிபெயர்க்க வேண்டாம் என்றாராம். சிங்களத்திலும் அதற்கு அமுக்கரா என்றே பெயர். தம் பாட்டியின் வீட்டிலும் அந்த டின் உண்டு என்று சொல்லிச் சிரித்திருக்கிறார். சர்ப்பகந்தா மாத்திரம் அவருக்கு விளங்கவில்லை. தாதி சற்று யோசித்து, ஏகவேரிய என்றார். டொக்டர் சிரிப்பை நிறுத்திவிட்டு, இரத்த அழுத்தம் பார்க்கும் கருவியை எடுத்து அம்மாயியின் கையிலே மறுபடி கட்டினார்.